கம்பெனிக்காரருக்குக் கொடுத்த தண்ணீர்

கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடலூர் ரோட்டைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் எங்கள் நிலம். இரண்டு காணி. அதைத் தாண்டி இன்னும் நாலைந்து பேர் நிலம், பிறகு மணல், பிறகு கடல். காற்று திரும்பும் மாதங்களில் வரப்பில் நின்றாலே உதடு கரிக்கும்.

அப்பா போன பிறகு பட்டாவில் இரண்டு பெயர் ஏறியது. அண்ணன் பெயர், என் பெயர். உழுகிறவர் அண்ணன். நான் வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார்ந்து புத்தக முதுகுகளில் எண் ஒட்டுகிறவள். அறுப்புக்கு அறுப்பு ஒரு மூட்டை அரிசி வரும். அதோடு என் பங்கு முடிந்தது என்று இருபது வருஷம் இருந்துவிட்டேன். பாதி மண் என்னுடையது என்பதை எனக்கு ஞாபகப்படுத்த ஒரு காகிதம் வர வேண்டியிருந்தது.

"பாப்பா, ஞாயித்துக்கெழமை வா. ஒரு கையெழுத்து போடணும்."

"இன்னாத்துக்குண்ணா?"

"வா, சொல்றேன். ஆதார் கார்டு எடுத்துக்கினு வா."

எனக்கு ஐம்பத்தோரு வயது. அந்த வீட்டில் இன்னும் பாப்பாதான்.

ஞாயிற்றுக்கிழமை கரிக்கலாம்பாக்கம் வழியாகச் சுற்றிவரும் பஸ்ஸில் பாகூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். கட்டில்மேல் காகிதம் விரித்து வைத்திருந்தது, காற்றில் பறக்காமல் மேலே ஒரு தேங்காய். ஒரு கம்பெனி எங்கள் பக்கத்தில் சோதனைக் கிணறு தோண்டப் பார்க்கிறது. தண்ணீருக்கான கிணறு இல்லை. பூமிக்குள் வெகு ஆழத்தில், கெட்டிப் பாறையின் நுண்ணிய துளைகளில் எரிவாயு அடைபட்டுக் கிடக்கிறதாம். தண்ணீரும் மணலும் கொஞ்சம் ரசாயனமும் கலந்து, பெரும் அழுத்தத்தில் உள்ளே செலுத்திப் பாறையைக் கீறினால், கீறல் வழியாக அது மேலே வரும். சர்க்கார் அனுமதி இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே நிலத்துக்காரர்களிடம் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ள ஆள் அனுப்பியிருந்தார்கள். எங்கள் இரண்டு காணியும் பக்கத்து மூன்று காணியும் சேர்ந்தால்தான் இயந்திரம் நிற்க இடம் போதும்.

"நெல்லு வெளையாத நெலத்துல வாயு வெளைஞ்சா இன்னா தப்பு?" என்றார் அண்ணன்.

"உங்க வயித்துல வெளையறதே வூட்டுக்குப் பத்துது" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து.

அண்ணன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. போன நவரையில், அந்தத் தைப் பட்டத்தில், பயிர் முழங்கால் உயரம் வந்து நின்றது, பிறகு இலை நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கியது. அதற்கு முந்தைய நவரையிலும் அப்படித்தான். ஆழ்குழாய்ப் போரில் உப்பு ஏறிவிட்டது. மழைக்காலத்துச் சம்பாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது வெள்ளத்தோடு போய்விடும். மழையில் மூழ்கும், வெயிலில் கருகும். இரண்டுக்கும் நடுவில் அண்ணனுக்கு அறுபது வயது ஆகிவிட்டது.

நான் படித்ததை எல்லாம் சொன்னேன். எனக்கு வேலையே படிப்பதுதானே. ஒரு கிணற்றுக்கு எவ்வளவோ லாரித் தண்ணீர் உள்ளே போகும், போனதில் பாதி உப்பும் ரசாயனமுமாகத் திரும்பி மேலே வரும், அதை எங்கே கொட்டுவார்கள், ஆழத்துக்கு இறக்கும் குழாய் நம் குடிநீர் மட்டத்தைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது, அதில் ஒரு வெடிப்பு விட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீ வூட்ல இன்னாத்துல சமைக்கிற?" என்றார்.

"காஸ்லதான்."

"அது எந்த ஊர்க்காரன் நெலத்துலேர்ந்து வருது?"

 இன்றும் காலையில் அடுப்பைத் திருப்பும்போது நீலமாக எழும்பும் அந்தச் சின்ன வளையத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்கோ யாரோ ஒருவருடைய வரப்பு அதில் எரிகிறது. அவருக்கும் ஒரு தங்கை இருந்து கையெழுத்துப் போட்டிருப்பாள், அல்லது அவளை யாரும் கேட்டே இருக்கமாட்டார்கள். டிகாஷன் இறங்குகிற நேரத்துக்குள் இவ்வளவும் தோன்றும். பிறகு பால் பொங்கிவிடும்.

அன்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். எங்கள் போர்த் தண்ணீர் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கம்பெனியே சோதித்து, எழுதி, முத்திரை வைத்துத் தரட்டும். அது கையில் இருந்தால்தான் நாளைக்குத் தண்ணீர் கெட்டால் முன்னே இப்படி இருந்தது, பின்னே இப்படி ஆனது என்று காட்ட முடியும். அது வந்த பிறகு கையெழுத்து.

"புத்தகம் படிச்ச பொண்ணு, கேக்கறது ஞாயந்தான்" என்றார் அண்ணன். ஒப்புக்கொண்டாரா அலுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த வாரமே கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். காவிரிப் பாசனத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. வீட்டை விட்டு வந்து மூன்று மாசமாம். குழந்தையின் முதல் பிறந்தநாளைப் போனில் பார்த்தாராம். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் பாதிச் சண்டை கரைந்துவிட்டது.

அண்ணன் மோட்டார்க் கொட்டகை நிழலில் குந்திக்கொண்டு கேட்டார்: "போர்ல சேறு அடைச்சிக்கினா கம்ப்ரஸர் வுட்டு ஊதறோமே, அதுமாதிரியா சார்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார். நீங்க ஊதி வெளிய தள்றீங்க. நாங்க உள்ள அமுக்கறோம். பாறை கீறல் விட்டதும் மணல் போய் நடுவுல நின்னுக்கும், திரும்ப மூடாம."

"கல்லு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கிற கல்லா பார்த்துத்தான் செய்வாங்க."

நான் ஆபத்தைப் பற்றிக் கேட்டேன். ஒழுங்காகச் சிமெண்ட் போட்டு, இரட்டைக் குழாய் இறக்கினால் மேல் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்றார். வெளிநாட்டிலிருந்து வாங்குகிற வாயு குறையும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும், கரி எரிப்பதைவிடப் புகையும் குறைவு, இதெல்லாம் பொய் இல்லை மேடம் என்றார். பிறகு தானாகவே, யாரும் கேட்காமல், ஒன்று சொன்னார்:

"ஒழுங்கா போட்டாங்களான்னு மேல நின்னு எட்டிப் பார்க்க முடியாது. அவ்வளவு ஆழத்துல எல்லாமே பேப்பர்ல எழுதறதுதான். அதை நம்பித்தான் நானே வேலை செய்றேன்."

அன்று மத்தியானம் மும்முனைக் கரண்ட் இல்லை. எங்கள் பக்கம் அந்த வாரம் விடியற்காலை முறை. மோட்டார் ஓடாமல் தண்ணீர் பிடிக்க முடியாது, அவருக்கோ காட்டேரிக்குப்பம் பக்கம் வேறு வேலை. இரண்டு பாட்டில்களில் பெயரும் சர்வே எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டி அண்ணியின் கையில் கொடுத்தார்.

"அக்கா, காலையில மோட்டாரக் கால்மணி நேரம் ஓட விட்டுட்டு, அப்புறம் இதுல நிரப்பி மூடி வைங்க. ஒம்போது மணிக்கு நான் வந்து எடுத்துக்கறேன்."

"சரி தம்பி. மோர் சாப்புடுறியா?"

மறுநாள் காலை அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்கும் நாள். வரிசையில் நிற்க ஐந்து மணிக்கே போய்விட்டார். பாட்டிலை நிரப்பி வைத்தது அண்ணி.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. அண்ணன் அதைப் பாலித்தீன் கவரில் போட்டு மடியில் செருகிக்கொண்டு நேராக வில்லியனூருக்கே வந்துவிட்டார். அவர் என் வீட்டுக்கு வருவது பொங்கலுக்கும் சாவுக்கும்தான். வாசலில் அவரைப் பார்த்ததும் யாருக்கு என்ன என்றுதான் கேட்டேன்.

"படி பாப்பா. நீயே படி."

படித்தேன். உப்பின் அளவு, இரும்பின் அளவு, வரிசையாக எண்கள், எதிரே எல்லாம் வரம்புக்குள். கடைசி வரியில், குடிப்பதற்கும் பாசனத்துக்கும் ஏற்றது என்றிருந்தது.

"போர்ல உப்புன்னு சொன்னியேண்ணா?"

"அதான் நானும் ரோசிச்சேன். கார்த்திகையில வெள்ளம் வந்துச்சில்ல? ஏரி ரொம்பி, தென்பெண்ணையில ரெண்டு கரையும் போச்சே. அத்தனை தண்ணியும் எறங்கி உப்பக் கழுவியிருக்கணும்."

"நீ வாயில ஊத்திப் பார்த்தியா?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "என் நாக்க நம்ப முடியாது. இந்தப் பிரஷர் மாத்திரை போட ஆரமிச்சதுலேர்ந்து சோறுகூட கரிக்குது. டாக்டரே சொல்லியிருக்காரு, நாக்கு அப்படித்தான் இருக்கும்னு. மெசினு பொய் சொல்லாது."

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "தண்ணி நல்லாக்கீதுன்னா நான் எதுக்கு நெலத்தக் குடுக்கணும்? நவரை போடறேன். அந்த ஆளு வந்தா இல்லன்னு சொல்லிடலாம்."

நான் ஆசைப்பட்டது அதுதான். வாதாடாமலே கிடைத்துவிட்டது. அண்ணனுக்குத் தோசை சுட்டுப் போட்டேன். நாலு சாப்பிட்டார். பஸ் ஏறும்போது அவர் முதுகு ஒரு விரற்கடை நிமிர்ந்திருந்தது. பத்து வருஷமாக அந்த முதுகை நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த இரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுதவே எனக்குக் கூசுகிறது.

தை பிறந்து பத்து நாளில் ஒரு சனிக்கிழமை போனேன். விதை ஊற வைத்து, வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி வைத்திருந்தார்கள். முளை வெளுப்பாகச் சாக்கின் இழை வழியே எட்டிப் பார்த்தது. மறுநாள் காலை விதைப்பு. நாற்றங்காலில் வெள்ளத்து மழைநீர் இன்னும் கணுக்கால் அளவு நின்றிருந்தது, அதிலேயே அண்ணன் சேற்றைக் கலக்கித் தட்டி வைத்திருந்தார். அவர் டிராக்டர்காரரைப் பார்க்கப் போயிருந்த நேரம், அண்ணி பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் குண்டானையே தேய்த்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

"பாப்பா, ஒண்ணு கேப்பேன், திட்டக் கூடாது. அந்த பாட்டில் தண்ணிய எதுக்கு எடுத்துக்கினு போனாங்க? குடிக்கவா, வெவசாயத்துக்கா?"

"சோதிக்க அண்ணி. எவ்ளோ உப்புன்னு பார்க்க."

கை நின்றது.

"நான் கேன் தண்ணிய ஊத்திட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. "எந்தக் கேன்?"

"குடிக்கற கேன். வண்டியில கொண்டாந்து போடறானே, அது. மோட்டாரப் போட்டேன். மஞ்சளா வந்துச்சி. கைல புடிச்சி வாயில வெச்சேன், த்தூ, கடல் தண்ணி தேவலாம். பாட்டிலப் பார்த்தா உங்கண்ணன் பேரு ஒட்டிக்கீது. மெட்ராசுக்குப் போவுதுன்னு அந்தத் தம்பி சொல்லிச்சி. நாலு படிச்சவங்க பாப்பாங்க. அந்தப் பேருல அந்தத் தண்ணிய எப்பிடி ஊத்தறது நீயே சொல்லு."

சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அந்த வழக்கத்தில் பிறந்தவள்தானே நானும். எங்கள் பக்கத்து ஊர்களில் பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க யாராவது வந்தால் போர்த் தண்ணீரைக் கண்ணில் காட்டமாட்டோம். பயிரைக் கருக்கும் அளவு உப்பு இப்போதுதான், லேசான கரிப்பு எப்போதும் உண்டு; தண்ணீர் கரித்தால் சம்பந்தம் முறிந்துவிடும். இந்த ஊரிலா பெண்ணைக் கொடுப்பது என்று எழுந்துவிடுவார்கள். என் அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கிற விஷயமும் அப்போது பேச்சில் இருந்தது. அதனால் வருகிறவர்களுக்கு இரண்டு நாள் முன்பே நல்ல தண்ணீர் வாங்கி வெள்ளிச் சொம்பில் ஊற்றி வைப்போம். எல்லா வீட்டிலும் இதுதான். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் குடித்துவிட்டு, தண்ணி நல்லாக்கீதே என்பார்கள். அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதும் அவள் வீட்டார் அப்படி ஒரு சொம்பைக் குடித்துவிட்டுச் சம்மதித்ததால்தான்.

"ரிப்போர்ட் வந்து அவரு சந்தோசமா ஆனாரா, எனக்கு வாய் வரல. ரெண்டு தபா சொல்லப் போனேன். பாட்டு பாடிக்கினு மாட்டக் குளுப்பாட்டறாரு. எப்பிடிச் சொல்றது?"

வாழ்க்கையில் பல தடவை பேசாமல் இருந்து நான் நல்லவளாக இருந்திருக்கிறேன். அன்றும் பேசாமல் இருந்தால் நிலம் கம்பெனிக்குப் போகாது. விதை நாற்றாகும், மழைநீரில் பச்சையாக வரும், நடவு முடிந்து மாசியில் போர்த் தண்ணீர் பாயும்போது நுனி கருக ஆரம்பிக்கும். அண்ணன் மாத்திரையைத் திட்டுவார், உரக்கடைக்காரரைத் திட்டுவார், வெயிலைத் திட்டுவார். அந்த ரிப்போர்ட்டைத் திட்டமாட்டார். பங்குனியில் அவர் முதுகு மறுபடி வளையும். எனக்குப் பிடித்த முடிவை அவருடைய இன்னொரு பயிரைக் கொடுத்து வாங்கிக்கொள்வதா என்பதுதான் கேள்வி. அண்ணியும் நானும் அந்தக் குண்டானை மாற்றி மாற்றித் துலக்கிக்கொண்டிருந்தோம். வேலை எப்போதோ முடிந்திருந்தது.

அண்ணன் வந்ததும் சொன்னேன். அண்ணியைச் சொல்ல விடவில்லை. நான்தான் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணியைப் பார்த்து, "இன்னாமே, நெசமா?" என்றார். அவள் தலையை அசைத்தாள். நேரே மோட்டார்க் கொட்டகைக்கு நடந்தார். அன்று பகல் முறை, கரண்ட் இருந்தது. பொத்தானை அழுத்தினார். குழாய் இருமி, காற்றுத் துப்பி, பிறகு தண்ணீர் வந்தது.

"என் நாக்கு வாணாம். நீ குடி."

குடித்தேன். விழுங்க முடியவில்லை.

"இன்னா?"

"உப்புண்ணா."

"அப்ப மாத்திரை இல்ல. சோறு வடிக்கறதும் இந்தத் தண்ணியிலதான்." மோட்டாரை நிறுத்தினார். "நானும் பாரு, மூணு மாசமா சோத்துல உப்பே இல்லாம தின்னுக்கினு கெடந்தேன்."

அதற்கு அண்ணிதான் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.

முளைவிட்ட விதை காத்திருக்காது. ஒரு நாள் தள்ளினால் முளை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிறகு மாட்டுக்குத்தான். கரியமாணிக்கத்தில் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் நிலம், உள்நாடு, அங்கே போர் இன்னும் இனிப்பு. போன் போட்டார். அவரும் அந்த வாரம் விதைக்கிறவர்தான். இரண்டு சாக்கையும் டிவிஎஸ்ஸில் வைத்துக் கட்டினோம். ஈரச் சாக்கு சூடாக இருந்தது, உள்ளே விதை மூச்சு விடும் சூடு. நான் பிடித்துக்கொள்ள, அவர் கயிறு இழுத்தார். வண்டி மேற்கே திரும்பிப் போனது. தட்டிச் சமமாக்கிய நாற்றங்கால் கண்ணாடி மாதிரி கிடந்தது, அதில் ஒரு கொக்கு மட்டும் நடந்து கெடுத்துக்கொண்டிருந்தது.

பொறியாளருக்கு நான்தான் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.  "தப்பு என்னோடதுதான் மேடம், நானே நின்னு பிடிச்சிருக்கணும்" என்றார். இரண்டு நாளில் வந்தார். கால்மணி நேரம் ஓட விட்டு, தானே பிடித்து, தானே மூடி, தானே எழுதினார். கிளம்புகிற நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், ஒண்ணு யோசிங்க. பழைய ரிப்போர்ட் ஃபைல்ல ஏறிடுச்சு. அது இருந்தா உங்களுக்குத்தான் நல்லது. நாளைக்குத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு நீங்க கேட்கலாம். இது போச்சுன்னா, முன்னாடியே உப்புத்தானேன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நான் கம்பெனிக்காரன், இதைச் சொல்லக் கூடாது."

அந்தப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மங்கல் மஞ்சள். இந்த உப்பை எந்தக் கம்பெனியும் கொண்டுவரவில்லை. நாங்கள் மூன்று தடவை போரை ஆழப்படுத்தினோம், பக்கத்துக்காரர் நாலு தடவை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் கடல் உள்ளே வந்தது. பாறையைக் கீறுவது பற்றி நான் மணிக்கணக்கில் பேசினேன். என் தட்டில் விழுந்த அரிசி எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இதையே எடுத்துட்டுப் போங்க" என்றேன். "உப்புன்னே எழுதுங்க."

இப்போது கையெழுத்துத்தான் பாக்கி. அண்ணன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் என்னை அரித்தது. ஒரு வாரம் கழித்து நானே போய், வழியில் பஸ்ஸிலேயே யோசித்து வைத்ததைச் சொன்னேன். என் பாதியை அவருக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நிலம் முழுக்க அவருடையது. கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ அவர் இஷ்டம்.

அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"பழிய மொத்தமா என் தலையில வுட்டுட்டுக் கைகழுவிக்கினு போவலாம்னு பாக்கிறியா? போடறதுன்னா போடு. இல்லன்னா இல்லன்னு வாயத் தொறந்து சொல்லு. பாதி நெலத்துக்காரிதானே நீ?"

 அண்ணி காப்பி வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போனது. நான் தராசைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தட்டில் அண்ணனுக்கு மாதாமாதம் வரக்கூடிய குத்தகை, ஊரில் நாலு பேருக்கு வேலை, என் அடுப்பு. இன்னொரு தட்டில், ஒருவேளை ஆகலாம், ஒருவேளை ஆகாமலும் போகலாம் என்கிற ஒரு வெடிப்பு. தட்டுகள் நிற்கவே இல்லை, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தன. எனக்கு வந்தது அறிவா பயமா என்று இப்போதும் தெரியாது. ஒன்று மட்டும் நினைத்தேன். கண்ணுக்கு எதிரே இருக்கிற ஒரு குழாய், இரண்டு பாட்டில், மூன்று நல்ல மனுஷர்கள். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அப்படியும் பொய்யான காகிதம் ஒன்று முத்திரையோடு வந்துவிட்டது. மண்ணுக்கு மேலே, பட்டப்பகலில், மரியாதையினாலேயே இவ்வளவு தப்பு நடக்குமென்றால், அவ்வளவு ஆழத்தில் இறங்கும் சிமெண்டுக்கு எழுதப்படும் காகிதத்தில் நான் எப்படிப் பெயர் போடுவது?

"போடலண்ணா" என்றேன்.

"சரி" என்றார். "நாளைக்கு அந்த ஆளு வந்தா உம்பேரத்தான் சொல்லுவேன்."

"சொல்லு."

சொன்னார். ஊர் முழுக்கச் சொன்னார். சொல்லவேண்டியதுதான், அது என் பங்கு. மாசியில் இரண்டு காணியிலும் சவுக்கு வைத்தார். சவுக்கு உப்புக்கு அஞ்சாது, நாலு வருஷம் தண்ணீர் இறைக்கவும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் சவுக்கு வைத்தால் வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்றோ கையாலாகாமல் போய்விட்டான் என்றோ அர்த்தம். அண்ணன் கடலூர் ரோட்டில் ஒரு காலேஜ் வாசலில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். போரை மூடிவிட்டார். நாலு மழை பெய்து ஒருவரும் இறைக்காமல் இருந்தால் உப்பு கொஞ்சம் இறங்கும் என்கிறார்கள். பக்கத்துக் காணிகளில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பிறகு எப்படி இறங்கும் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பாகூரில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நிரம்பிய பிறகு ஏறினாள் பக்கத்து மூன்று காணிக்காரி. கையில் பை, இடுப்பில் இன்னொரு பை. என்னைப் பார்த்ததும் கூட்டத்துக்கு நடுவிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு, படிச்ச மவராசியா? உன்னாலதான்டி எங்களுக்கும் இல்லாமப் போச்சி. உங்க ரெண்டு காணி இல்லாம எங்க மூணு காணி வாணாம்னுட்டான் அவன்."

பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ வில்லியனூர்ல ஏசியில குந்திக்கினு எழுதுவ. நாங்க இங்க உப்பத் தின்றோம்."

"ஏசி இல்லக்கா, ஃபேன்தான்" என்றேன். அதுவும் பள்ளிக்கூடத்து ஃபேன், சத்தம்தான் வரும். அதைச் சொல்லவில்லை.

"ஃபேன் ஓடுதில்ல? அந்தக் கரண்டு எங்கேர்ந்து வருது, அதக் கேட்டியா?"

கேட்கவில்லை. அவள் சொல்வது அத்தனையும் சரி. நான் செய்ததும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. ஒரு திருப்பத்தில் அவள் தடுமாறி என் சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். நான் ஜன்னலோடு ஒட்டி நகர்ந்து, பாதி இடம் விட்டேன். கொஞ்ச நேரம் வீம்பாக நின்றாள். பிறகு பையை என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இவ்ளோண்டு எடத்துல எப்பிடி குந்தறது, நல்லா தள்ளு" என்றாள்.

தள்ளினேன். கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.